கையாட்டிக்கொண்டே வந்தவர்கள்

— சிரி, கார்சன். போர்வைக்கு அடியில உன் விலாவுல குத்தறது என் முழங்கைன்னு நினைச்சுக்காத. துப்பாக்கி.

— எல்வுட், என்ன விளையாட்டு இது. நம்ம குதிரை வண்டியப் பாக்க ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஜனம் நிக்குது.

— அதனாலதான் சிரிங்கறேன். பல்லு தெரியணும். ஜெயிச்ச மூஞ்சியப் பாக்க ஜனம் கடற்கரையிலேர்ந்து கிளம்பி வந்திருக்கு. வலது கையை ஆட்டு. இடது கை போர்வைக்கு மேல, என் கண்ணுக்குத் தெரியற மாதிரி இருக்கட்டும்.

— தோத்ததுக்காக எவனாவது ஆளைச் சுடுவானா? இன்னும் ரெண்டு வருஷத்துல இதே சீட்டுக்கு மறுபடி எலெக்‌ஷன் வருது. நில்லு, ஜெயி. நானே வந்து கை குடுக்கறேன்.

— சீட்டு கிடக்குது போ. ராய்ஸுக்காக வந்திருக்கேன்.

— ராய்ஸா.

— பேரைக் கேட்டதும் கை நின்னுபோச்சு பாத்தியா. ஆட்டுடா. அந்த நூலகத்துக்காரி போட்டோ எடுக்கறா.

— இங்க பாரு ராஜா, ராய்ஸ் செத்தது எனக்கும் வருத்தம்தான். ஆனா அது விபத்து. எலெக்‌ஷனுக்கு முந்தின ராத்திரி இருட்டுல ரோட்டோரமா உன் போர்டை நட்டுட்டு இருந்தான். ஏதோ வண்டி தட்டிட்டு நிக்காம போயிடுச்சு. போலீஸே சொல்லியாச்சு.

— வண்டி தட்டினா மண்டைக்குள்ள மரச்சிராய் ஏறுமா?

— எனக்கு என்ன தெரியும்.

— எனக்குத் தெரியும். போர்டு நடுற கட்டையோட சிராய். உன் போர்டுக்குத்தான் பச்சை பெயின்ட் அடிச்ச கட்டை. சவக்கிடங்குல மெழுகு பூசி நெத்திய அடைச்சு வச்சிருக்காங்க. நான் தொட்டுப் பாத்தேன். பச்சை ஒட்டிட்டு இருக்கு. முன்னாடி குதிரை ஓட்டற அவங்கப்பாவும் தொட்டுப் பாத்தாரு. என்ன மெசிக்கப்பா?

— ஹோ ஹோ, பேர்ல். நிதானமா போ பொண்ணே. ஆமா தம்பி. தொட்டுப் பாத்தேன்.

— மிஸ்டர் மெசிக், நீங்க இன்னிக்கு வண்டி ஓட்ட வந்திருக்கவே வேண்டாம். நாளைக்கு மகனை அடக்கம் பண்ணப் போறீங்க. உங்க இடத்துல வேற யாராவது ஓட்டியிருப்பாங்க.

— எலெக்‌ஷன் முடிஞ்சு ரிட்டர்ன் டே ஊர்வலம்னா இந்தக் கடைசி வண்டிய எப்பவும் நான்தானே ஐயா ஓட்டறேன். எங்க அப்பன் ஓட்டினான், நான் ஓட்டறேன், எனக்கப்புறம் ராய்ஸ் ஓட்டுவான்னு இருந்தேன். வீட்ல உக்காந்து மட்டும் என்ன பண்ணப் போறேன். சட்டைக்கு இஸ்திரி போட்டு வச்சாச்சு, அவனுக்கு.

— நீங்க ஓட்டுங்கப்பா. இவன்கிட்ட நான் பேசிக்கறேன். கார்சன், நல்லாக் கேட்டுக்க. இன்னும் கொஞ்ச நேரத்துல கோர்ட்டு வட்டத்துக்குப் போயிடுவோம். அந்த நெட்டைத் தொப்பிக்காரரு பால்கனியில நின்னு ரிசல்ட்டைப் படிப்பாரு. அப்புறம் நம்மள மேடைக்குக் கூப்பிடுவாங்க. கைக்கோடாலி இருக்கும், மணல் பெட்டி இருக்கும்.

— தெரியும். நான் இதுக்கு முன்னாடியும் வந்திருக்கேன்.

— வந்திருப்ப. ஜெயிச்சவனும் தோத்தவனும் சேர்ந்து கோடாலியப் பிடிச்சு மணல்ல புதைப்பாங்க, பகை முடிஞ்சதுன்னு எல்லாரும் கை தட்டுவாங்க, அப்புறம் போய் மாட்டுக்கறி சாண்ட்விச் தின்பாங்க. இந்த வாட்டி அப்படி முடியாது. நான் கோடாலியில கை வைக்கறதுக்கு முன்னாடி நீ மைக்கைப் பிடிச்சுச் சொல்லணும். என் மச்சான் லைல் ராய்ஸைக் கட்டையால அடிச்சுக் கொன்னான், எனக்குத் தெரியும், தெரிஞ்சே மறைச்சேன்னு. சொல்லலேன்னா மேடையில வச்சே உன் வயித்துல இறக்குவேன்.

— சுட்டுட்டு எங்க போவ?

— எங்கயும் போகல. சாண்ட்விச் வரிசையில நிப்பேன், வந்து பிடிச்சுக்கட்டும்.

— உனக்குப் பொண்டாட்டி இருக்கா. ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க.

— ராய்ஸுக்குத்தான் யாரும் இல்லியே, இவரைத் தவிர. அதனாலதானே உன் மச்சானுக்கு அவ்வளவு லேசாப் போச்சு.

— லேசாவா? ஆகஸ்ட்ல சந்தையில லைலோட முன்பல்லை ராய்ஸ் பேத்தானே, அது மட்டும் லேசா? சங்கிலியச் சுத்திக்கிட்டு அடிச்சான். கீழ விழுந்தவனை எழுந்திருக்க விடாம வாயில மிதிச்சான். என் நாயைச் சுட்டு என் வீட்டு வாசல்ல போட்டது யாரு? என் பொண்டாட்டி காலைல பேப்பர் எடுக்கப் போனவ, ரத்தத்துல வழுக்கி விழுந்தா. அதெல்லாம் யாரு?

— நாய்க்கு மனுஷன் ஈடா?

— நான் ஈடுன்னு சொல்லல. நீயும் உன் ஆளுங்களும் ஒண்ணும் பண்ணாத யோக்கியங்கன்னும் சொல்லல. ரெண்டு பக்கமும் வெறி பிடிச்சுத் திரிஞ்சோம்ங்கறேன். ஒரு மாநிலத்துக்கே ஒத்தை சீட்டு. அதுக்கு இவ்வளவு ரத்தம். சொல்லு, அந்தச் சீட்டு எனக்குக் கிடைச்சு நான் என்ன பண்ணப் போறேன்? தலைநகர்ல போய் நானூத்துச் சொச்சம் பேர்ல ஒருத்தனா உக்காரப் போறேன்.

— அப்படின்னா கொடுத்துடு.

— ஹோ. தம்பிங்களா, இந்தத் தெருவுல குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருக்காங்க. முன்னாடி போன வண்டி எல்லாம் எப்படியோ தாண்டிப் போயிடுச்சு. இவளுங்க பள்ளத்தைக் கண்டா மிரளுவாளுங்க. அந்தப் பக்கமா ஒரு சுத்து சுத்திப் போயிடறேன்.

— போங்கப்பா. கையை இறக்காத கார்சன். அந்தப் பக்கமும் வீடு இருக்கு, ஜனம் இருக்கும்.

— பின்னாடி பாத்து உக்கார வச்சா இதுதான் தொந்தரவு. தலை சுத்துது எனக்கு.

— மெசிக் வண்டின்னா அப்படித்தான். ஜெயிச்சவனும் தோத்தவனும் வந்த வழியப் பாத்துட்டே போகணும்னு அந்தக் காலத்துலேர்ந்து சீட்டைத் திருப்பித்தான் போட்டிருக்காங்க. வந்த வழியப் பாரு. நல்லாப் பாரு. என்ன தெரியுது?

— எல்வுட். விசையில விரல் இருக்கா? எடு. பள்ளத்துல வண்டி குதிச்சா வெடிச்சிடும்.

— வெடிக்கட்டும்.

— எடுன்னு சொன்னேன். எடுக்க மாட்டியா. அப்படின்னா இந்தா.

— விடு. என் விரலை விடுடா. ஒடியுது.

— ஒடியட்டும். சிரி ராஜா, இப்ப நீ சிரி. அதோ அந்த வாசல்ல கிழவி நிக்கறா, கொடி வச்சிருக்கா, அவளுக்குக் கையாட்டு.

— ஆ.

— கேட்டுச்சா, சத்தம்? கோழி ரெக்கைய முறிச்ச மாதிரி. கோழிப்பண்ணை ஊர்க்காரன், உனக்குப் பழகின சத்தம்தானே.

— மவனே. உன் காதைக் கடிச்சுத் துப்பிடுவேன். துப்பாக்கி இன்னும் என்கிட்டதான் இருக்கு. கையை மாத்திப் பிடிச்சிருக்கேன் பாரு. இப்ப தொண்டைக்கு நேரா இருக்கு, சட்டைக் காலருக்கு அடியில. தெரியுதா? என் விரல் ரத்தம் உன் டையில. துடைக்காத. அது கொடி நிறத்தோட சேர்ந்துக்கும்.

— சரி. சரி. அழுத்தாத. மூச்சு முட்டுது.

— ஏன் தம்பி, வண்டி ஆடுது பின்னாடி. சண்டை போடறீங்களா?

— ஒண்ணுமில்லப்பா. இவன் இப்ப சொல்லிடுவான். மைக் எதுக்கு, முதல்ல உங்க காதுலயே சொல்லட்டும். பெத்தவருக்குச் சொல்லுடா. லைல் என்ன பண்ணான்?

— மிஸ்டர் மெசிக், நான்...

— சொல்லுங்க ஐயா. நான் திரும்பிப் பாக்கல. குதிரைங்களைப் பாத்துட்டு இருக்கேன். சொல்லுங்க.

— லைல் அன்னிக்கு ராத்திரி குடிச்சிருந்தான். என் போர்டை எல்லாம் பிடுங்கிப் போட்டுட்டு ராய்ஸ் அங்க எல்வுட் போர்டை நடறான்னு யாரோ சொல்லியிருக்காங்க. அந்தக் கோழிப்பண்ணை ரோட்டுல. போயிருக்கான். ராய்ஸ் குனிஞ்சு குழி தோண்டிட்டு இருந்திருக்கான்.

— குனிஞ்சிருந்தவனையா அடிச்சான்?

— ஆமா. பின்னாடியிலேர்ந்து. திரும்பினதும் நெத்தியில ஒண்ணு. அப்புறம் விலாவுல. கட்டை ஒடியற வரைக்கும்னு சொன்னான்.

— கேட்டீங்களாப்பா. கட்டை ஒடியற வரைக்கும்.

— கேட்டேன் தம்பி.

— அப்படியே ரத்தத்தோட என் சமையலறைக்கு வந்து நின்னான், மிஸ்டர் மெசிக். கை கழுவக்கூடத் தெரியாம நின்னான். என் பொண்டாட்டியோட கூடப் பொறந்தவன். நான் என்ன பண்ண? மறுநாள் ஓட்டு. சட்டையைக் கழட்டி அடுப்புல போட்டேன். போய்ப் படுன்னு சொன்னேன். இதான் நான் பண்ணது. தப்புதான். ஆனா அவன் சாகற மாதிரி அடிபடலேன்னு லைல் சத்தியம் பண்ணான்.

— ஒடியற வரைக்கும் அடிச்சுட்டுச் சாகற மாதிரி இல்லியாம்.

— கேளு எல்வுட். லைல் ரோட்டு முனையில வண்டிய நிறுத்தித் திரும்பிப் பாத்திருக்கான். பயம் வந்திடுச்சு அவனுக்கு. ராய்ஸ் எழுந்து கால்வாய்க் கரையில உக்காந்துட்டு இருந்திருக்கான். போன் பேசிட்டு இருந்திருக்கான். உக்காந்து போன் பேசறவனுக்கு ஆம்புலன்ஸ் வந்துடும்னு நினைச்சு இவன் கிளம்பிட்டான்.

— போதும். மேடையில சொல்ல வேண்டியது இவ்வளவுதான்.

— போதுமா? ஏன் ராஜா, இப்ப மட்டும் போதுமா? யாருக்குப் போன் பண்ணான்னு கேக்க மாட்டியா?

— வாயை மூடு.

— அவங்க அப்பாவுக்குத் தெரிய வேண்டாமா?

— மூடுன்னேன். குரல்வளையில இருக்கு துப்பாக்கி.

— பேச விடு தம்பி. பாதியில நிறுத்தினா நல்லா இருக்காது. யாருக்கு ஐயா பண்ணான்?

— இவனுக்கு. எல்வுட்டுக்கு. ஆம்புலன்ஸைக் கூப்பிடல, உங்களைக் கூப்பிடல. உங்களுக்கு நெஞ்சு வலி வரும்னு பயந்திருப்பான். சின்ன வயசுலேர்ந்து கூட இருந்த சிநேகிதனைக் கூப்பிட்டான்.

— பொய்யிப்பா. உசுருக்குப் பயந்து உளறறான்.

— நீல்னு ஒருத்தன், உன் விளம்பரப் படம் எல்லாம் எடுத்தானே, அவன் நேத்து என் ஆபீசுக்கு வந்தான் எல்வுட். தோத்தவன்கிட்ட இனி என்ன வேலைன்னு என்கிட்ட வேலை கேட்டு வந்தான். அவன் சொன்னான். நீ ராத்திரி அவனுக்குப் போன் பண்ணி, கேமராவைத் தூக்கிட்டுக் கோழிப்பண்ணை ரோட்டுக்கு வா, ராய்ஸை அடிச்சுப் போட்டிருக்காங்க, ரத்தத்தோட படம் எடுக்கணும், அது வரைக்கும் அவனை அங்கேர்ந்து நகர்த்த மாட்டேன்னு சொல்லியிருக்க.

— நீல் ஒரு ஓட்டுக்கு ரெண்டு பக்கம் காசு வாங்கறவன்.

— அவன் அந்தச் சந்து பொந்துல வழி தெரியாம சுத்தியிருக்கான். ஊர்ல எல்லாப் பண்ணையும் ஒரே மாதிரி இருக்குன்னு அழுதான் என்கிட்ட. அவன் வந்து சேர்றதுக்குள்ள ராய்ஸ் போயிட்டான். நீ ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டியா எல்வுட்? சொல்லு. போட்டியா?

— தம்பி.

— அப்பா, அவன் பேச்சைக் கேக்காதீங்க.

— போட்டியான்னு ஐயா கேக்கறாரு. எனக்கும் அது தெரியணும்.

— காலைல டிவியில வந்தா சீட் நமக்குத்தாம்ப்பா. ராய்ஸே அதைத்தான் சொல்லியிருப்பான். அவன்தானே ஒரு வருஷமா தூங்காம இந்த எலெக்‌ஷனுக்கு உழைச்சான். கொஞ்ச நேரம்தான் ஆகும்னு நினைச்சேன். நல்லாத்தான் பேசினான் போன்ல.

— என்ன பேசினான்?

— அது வந்து...

— என் மகன் கடைசியாப் பேசினது. எனக்கு வேணும்.

— எல்வுட், குளிருதுடா, சீக்கிரம் வான்னு சொன்னான்.

— குளிருதுன்னு சொன்னானா.

— நான் வந்துட்டு இருக்கேன், படுத்துடாத, உக்காந்தே இருன்னு சொன்னேம்ப்பா. வண்டிய எடுத்துட்டுப் போனேன். கிட்டத்துல போய் விளக்கை அணைச்சுட்டு நின்னேன். நீலுக்காக.

— கிட்டத்துல நின்னியா? அவன் உன்னைப் பாத்தானா?

— கை தூக்கினான்.

— கை தூக்கினான். நீ வண்டிக்குள்ள உக்காந்திருந்த.

— அவன் செத்துருவான்னு எனக்குத் தெரியாதுப்பா. உங்க வீட்டுச் சாப்பாட்டுல வளர்ந்தவன் நான். அவனும் நானும் ஒரே கட்டில்ல படுத்துத் தூங்கினவங்க. நான் போய் அவனைக் கொல்லுவனா? கொன்னது இவன் மச்சான். இவன். இவன்தான். இன்னும் சிரிக்கறான் பாருங்க. சாவுடா.

— எல்வுட், வேண்டாம்...

— சாவு. சாவு. என்ன எழவு இது. ஏன் வெடிக்கல?

— விசையை எத்தனை வாட்டி இழுத்தாலும் அதுல வெறும் டிக் சத்தம்தான் வரும் தம்பி. காலைல லாயத்துல உன் கையில குடுத்தேன்ல, அதுக்கு முன்னாடியே குண்டை எடுத்துட்டேன்.

— ஏம்ப்பா? நீங்கதானே சொன்னீங்க, இவன் வாயால வரணும், இதை விலாவுல வச்சாத்தான் வரும்னு.

— வந்துச்சே. ரெண்டு பேர் வாயாலயும் வந்துச்சு. ராய்ஸ் கடைசியா யாரைக் கூப்பிட்டான்னு அவன் போன்ல பாத்துட்டேன். நீ ஏன் போகலேங்கறதுதான் தெரியாம இருந்துச்சு. கேட்டா சொல்லியிருப்பியா? அழுதிருப்ப. சவக்கிடங்குல என் தோள்ல சாஞ்சு அழுதியே, அந்த மாதிரி.

— மிஸ்டர் மெசிக், நீங்க நல்ல காரியம் பண்ணீங்க. என் உசுரைக் காப்பாத்தினீங்க. மேடைக்குப் போனதும் லைல் பேரைச் சொல்லிடறேன். என் பொண்டாட்டி மேல சத்தியமாச் சொல்லிடறேன். பதவியே வேண்டாம் எனக்கு.

— கையை இறக்குங்க ஐயா. இன்னும் ஆட்டிட்டே இருக்கீங்க.

— பழக்கம். ஜனம் பாக்குமேன்னு.

— எந்த ஜனம்?

— ஏய். கார்சன். கூட்டம் எங்க?

— கூட்டம் கோர்ட்டு வட்டத்துல சாண்ட்விச்சுக்கு வரிசையில நிக்குது தம்பி. குழாய் தோண்டியிருக்காங்கன்னு நான் வண்டியத் திருப்பினேன்ல, கொஞ்ச தூரத்துலயே வீடு முடிஞ்சுபோச்சு. கொடி வச்சுட்டு நின்ன அந்த அம்மாதான் கடைசி ஆளு. அதுக்கப்புறம் சோயாக் காட்டுக்கும் வேலிக்கும்தான் கையாட்டிட்டு வந்தீங்க. ஹோ, பேர்ல். ஹோ. போதும் பொண்ணே, நில்லு.

— அது கோழிப்பண்ணைதானே?

— ஆமா ஐயா. இதான் அந்தக் கால்வாய். அந்தக் கரையிலதான் உக்காந்திருந்தான். பச்சைக் கட்டையில பாதி இன்னும் சேத்துல கிடக்கு பாருங்க, போலீஸ் எடுக்கவே இல்ல.

— அப்பா, திரும்புங்க. நம்மளைத் தேடுவாங்க. கடைசி வண்டி வராம அவங்க ரிசல்ட்டைப் படிக்க மாட்டாங்க.

— காத்திருக்கட்டும். இறங்குங்க ரெண்டு பேரும். குதிக்க வேண்டாம், ஓடவும் வேண்டாம். என் சீட்டுக்கு அடியில இன்னொரு துப்பாக்கி இருந்துச்சு, இப்ப மடியில இருக்கு. அது காலி இல்ல.

— மிஸ்டர் மெசிக், நான் அடிக்கல. அடிச்சது லைல்.

— லைல் வீடு எனக்குத் தெரியும். சாயந்திரம் போவேன். மண்டி போடுங்க ஐயா. நீயும்தான் எல்வுட். சேறு ஒண்ணும் பண்ணாது. அவன் உக்காந்திருந்த இடம்தானே.

— அப்பா.

— அப்படிக் கூப்பிடாத. நம்ம ஊர்ல எதையும் ஓட்டுப் போட்டுத்தானே முடிவு பண்றோம். முதல் குண்டு யாருக்கு? ஆளுக்கு ஒரு பேர் சொல்லுங்க. நீங்க ஜெயிச்சவரு, நீங்க முதல்ல.

— என்னால முடியாது. என் ஓட்டு... எல்வுட்டுக்கு.

— நீ சொல்லு.

— கார்சன். கார்சன்தான்ப்பா.

— ஆளுக்கு ஒண்ணு. சமமா நிக்குது. ராய்ஸ் இந்த வருஷம் ஓட்டுப் போடவே இல்ல. அவன் ஓட்டை நான் போடறேன்.